டிஎஸ் காரின் வரைபடங்களைத் திறந்துவிடுங்கள்: சிட்ரோயன் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிட்ரோயன் நிர்வாகத்தினருக்கும், அதன் மரபுச் சேகரிப்பைப் பேணும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கார்கள் இன்று சென்னையை அடுத்த திருவள்ளூரில் தயாராகின்றன. ஆகவே பாரிஸுக்குப் போகவேண்டிய இம்மடலைத் தமிழில் எழுதுவதில் பிழையில்லை என்றே நினைக்கிறேன். நான் பேச வந்தது புதிய கார்களைப் பற்றியன்று. நீங்கள் செய்து முடித்துவிட்ட, ஆனால் இன்னும் சாலையை விட்டு இறங்க மறுக்கும் இரண்டு பழைய கார்களைப் பற்றி.

முதலாவது 2 சிவி. இரண்டு உழவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக்கூடாது, உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்று உங்கள் தலைவர் பியேர் பூலான்ஜே 1930களில் விதித்த நிபந்தனைகளிலிருந்து பிறந்த கார் அது. 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அதன் தகர உடலையும் துணிக்கூரையையும் கண்டு பத்திரிகையாளர்கள் கேலி செய்தார்கள். வாங்க வந்தவர்களோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 375 சிசி எஞ்சின், 9 குதிரைத்திறன், தண்ணீரே தேவைப்படாத காற்றுக் குளிர்விப்பு. ஒரு ஸ்பேனரும் சிறிது பொறுமையும் இருந்தால் உரிமையாளரே பெரும்பாலான வேலைகளைச் செய்துகொள்ளலாம். 1990இல் உற்பத்தி நின்ற பிறகும் தனியார் பட்டறைகள் அதன் சட்டகம் முதல் கூரைத்துணி வரை புதிதாகச் செய்து விற்பதால், அந்தக் கார் உங்கள் தயவில்லாமலும் வாழ்ந்துவிடும்.

டிஎஸ் அப்படியன்று. 1955 அக்டோபர் 5ஆம் நாள் திரை விலகியபோது ஒரே நாளில் சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்த அந்தக் காரின் அழகைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாயிற்று. அந்த எழுத்துகளில் பாதி, காரின் அடியில் குனிந்து பார்க்காதவர்களுடையவை என்பது என் கருத்து. பொறியியல் பட்டம் பெறாத பால் மாஜெஸ் வடிவமைத்த நீர்ம அமைப்பில்தான் அதன் உயிர் இருக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு பம்ப் நீர்மத்தை அழுத்தி, ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒன்றாக உள்ள நைட்ரஜன் அடைத்த உருண்டைகளுக்கும், ஸ்டீயரிங்குக்கும், பிரேக்குக்கும், கியர் மாற்றத்துக்கும் அனுப்புகிறது. தரையோடு படிந்து கிடந்த கார், படுத்திருந்த மாடு எழுவதைப் போல, பின்பக்கத்தை முதலில் தூக்கி எழுந்து நிற்கிறது. 1962 ஆகஸ்டில் பாரிஸை அடுத்த பெத்தி-கிளமாரில் சுடப்பட்டு டயர்கள் பழுதான பின்பும் பிரெஞ்சு அதிபர் தெ கோலை ஏற்றிச் சென்ற டிஎஸ் கார் நிலைதடுமாறாமல் விரைந்து தப்பியது இந்த அமைப்பாலும், ஓட்டுநரின் நிதானத்தாலும்தான்.

ஆனால் அதன் வால்வுகள் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலான துல்லியத்தைக் கேட்பவை. தொடக்க காலக் கார்களுக்குச் சிவப்பு நீர்மம், 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்தவற்றுக்குப் பச்சை நீர்மம். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டு அமைப்பு முழுவதும் பாழாகும். இதைக் கைப்பழக்கமாக அறிந்த மெக்கானிக்குகள் முதுமையடைந்துவிட்டார்கள். நீங்கள் இத்தொழில்நுட்பத்தையே சென்ற பத்தாண்டில் கைவிட்டுவிட்டதால், உங்கள் ஆலைகளிலும் புதிதாக யாரும் இதைக் கற்கப்போவதில்லை.

பழைய கார்களுக்கான உதிரிப் பாகங்களை உங்கள் மரபு அமைப்பு விற்கிறது என்பதை மறுக்கவில்லை. அதற்கு நன்றியும் உண்டு. எனினும் விற்பனைக்குத் தகுந்த பாகங்கள் மட்டுமே அங்கே திரும்பச் செய்யப்படும், ஆண்டுக்குப் பத்துப் பேர் கேட்கும் ஒரு வால்வுக்கு அங்கே இடம் இருக்காது என்பது வணிகத்தின் இயல்பு. எனவே, டிஎஸ் காரின் நீர்ம அமைப்புக்குரிய மூல வரைபடங்களையும், பாகங்களின் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்புகளையும், ரப்பர் வளையங்களின் பொருள் விவரங்களையும் யாரும் பயன்படுத்திக்கொள்ளும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1975இல் உற்பத்தி நின்ற காரின் வரைபடத்தால் உங்கள் போட்டியாளர் எவரும் பயனடையப்போவதில்லை. டிஎஸ் என்ற பெயரைத் தனி உயர்விலைச் சின்னமாக்கி அதன் புகழை இன்றும் ஈட்டிக்கொண்டிருக்கிறீர்கள்; அந்தப் பெயரைத் தந்த காருக்கு இந்த அளவு கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பாரிஸை அடுத்த ஓல்னே-சூ-புவாவில் நீங்கள் பாதுகாத்த பழைய கார்ச் சேகரிப்பின் ஒரு பகுதியை 2017இன் இறுதியில் ஏலம் விட்டீர்கள். இனி அப்படி எதையாவது கழிக்க நினைத்தால், லா ஃபெர்தே-விதாமிலுள்ள உங்கள் கார்ச் சோதனைத் தளத்துக் களஞ்சியத்தின் பரணை நினைத்துப் பாருங்கள். போருக்கு முன் செய்யப்பட்ட, ஒற்றை முகப்பு விளக்குடைய 2 சிவி மாதிரிகள் மூன்று 1990களில் அங்கேதான் தூசு படிந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன.

இப்படிக்கு,
பழைய கார்களின் அன்பன் ஒருவன்