இரவு இரண்டு மணிக்கு அழை

அன்புள்ள மகனுக்கு,

"15 மணி நேரம் விமானத்தில் எப்படிம்மா உட்கார்ந்திருக்கிறது?" என்று நேற்று கேட்டாய். "தூங்கிடு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அது அவசரத்தில் சொன்ன பதில்.

ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்படாதே, நடைவழி ஓரத்தில் கேட்டு வாங்கு. பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டே நீ மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? காலில் இருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். அது நான்கு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்தால் சிலருக்கு ரத்தம் உறைந்து கட்டிவிடும். அதனால் விழித்திருக்கும்போதெல்லாம் எழுந்து நட. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைக்காதே. அந்தச் சாக்கிலாவது நடப்பாய்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். வயிறு உப்பினால் பயப்படாதே, அதனால்தான். ஈரப்பதமும் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள். இறங்கத் தொடங்கும்போது மட்டும் தூங்காதே. எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால்தான் காது அடைக்காது.

ஒரு செட் உடை, மருந்து, சான்றிதழ் நகல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். நான் போனபோது என் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. புகார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் வெளியே வந்துவிட்டு, மறுநாள் அலைந்தேன். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு நகராதே, எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள். வந்த பெட்டி உடைந்திருந்தால், சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் ஒரு நாள் கஷ்டம். நான் சொல்ல நினைத்தது அதற்கு அப்புறம் வருவது.

என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியபோது உனக்கு மூன்று வயது. நீ இப்போது போவது போலவே கிழக்கே, எட்டு மணி நேர வித்தியாசம். பகல் பன்னிரண்டுக்கு, எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, எனக்குக் கண் சொருகும். நம் வீட்டில் அப்போது விடிகாலை நான்கு. இரவிலோ கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு அழைத்தேன். இங்கே மாலை ஆறு, நீ விளையாடிவிட்டு வந்திருந்தாய். உன் காதில் போனை வைத்தார்கள். நீ பேச மாட்டேன் என்று ஓடிவிட்டாய். அன்று இரவே "என்னால் முடியவில்லை, திரும்பி வருகிறேன்" என்று கடிதம் எழுதி மேசை டிராயரில் வைத்தேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ நன்றாகத் தூங்கி எழுந்தேன். ஏதோ தேட டிராயரைத் திறந்தால் அந்தக் கடிதம். யாரோ எழுதியது போல இருந்தது.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கே போனால் வழக்கத்தை விடச் சீக்கிரம் தூங்க வேண்டும், அது இன்னும் சிரமம். அந்தக் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தை விடச் சற்று நீளம். அதற்குத் தாமதமாகத் தூங்கத் தெரியும், சீக்கிரம் தூங்கத் தெரியாது. முதல் பத்து நாள் உனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை, வேலை பிடிக்கவில்லை, எடுத்த முடிவே தப்பு என்றெல்லாம் தோன்றினால், தோன்றட்டும். எந்த முடிவும் எடுக்காதே. மதியத் தூக்கத்தை அரை மணிக்கு மேல் விடாதே. பகலில் அறைக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே நட. வெளிச்சம் பட்டால்தான் அந்தக் கடிகாரம் திருந்தும்.

நடக்கும்போது தினம் ஒரே தெருவில் நட, ஒரே கடையில் வாங்கு. நாலாவது நாள் கடைக்காரர் உன்னைப் பார்த்துத் தலையசைப்பார். எனக்கு அந்த ஊரில் முதலில் கிடைத்த உறவு அந்தத் தலையசைப்புதான். அப்புறம், சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார். வண்டிகள் நீ எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வரலாம்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அழை. இங்கே மாலை ஆறுதான். நான் ஓடிவிட மாட்டேன்.

அம்மா