சாமந்திக்குத் தாகமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமைக்குடில் பூ சாகுபடி என்றாலே பத்திரிகைகளில் லாபக் கணக்குதான் வருகிறது. என் நஷ்டக் கணக்கையும் கொஞ்சம் போடுங்கள்.

நெல்லிக்குப்பம் பக்கம் 25 சென்ட் குடிலில் சாமந்தி வைத்திருக்கிறோம். மாசிக் கடைசியில் நாலு செடியில் ஒரு பக்கத்து இலை மட்டும் மஞ்சளானது. மறுபக்கம் நல்ல பச்சை. பகலில் தலை தொங்கும், விடிந்தால் நிமிர்ந்து நிற்கும். வெயில்தான் என்று என் மாமியார் சொட்டுநீரை நம்பாமல் குடத்தில் வேறு ஊற்றினார். பங்குனி முடிவதற்குள் மூன்று பாத்தி போய்விட்டது. மருந்துக்கடையில் செடியைக்கூடப் பார்க்காமல் மூன்று பாட்டில் கொடுத்தார்கள்.

அப்புறம் வேளாண்மை படிக்கும் அண்ணன் மகன் வந்து, ஒரு செடியைத் தூரோடு பிடுங்கி, தண்டை பிளேடால் நீளவாக்கில் கீறினான். உள்ளே பழுப்பு நூல் ஓடியது போலக் கோடு. இன்னொரு துண்டை டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டான். பால் போலக் கசிந்தால் பாக்டீரியா என்றான். கசியவில்லை. ஃபுசேரியம் என்ற பூஞ்சணம், வாடல் நோய். தண்ணீர் ஏறும் குழாயையே அது அடைத்துவிட்டால் எத்தனை குடம் ஊற்றி என்ன? சூடான மண் அதற்குக் கொண்டாட்டம். கடலூர் வெயிலில் மூடிய குடிலைக் கேட்கவா வேண்டும்! மண்ணில் பல வருஷம் சாகாமலும் கிடக்குமாம்.

என் ஆதங்கம் நாற்றைப் பற்றியது. சாமந்தி நாற்று தாய்ச்செடியிலிருந்து வெட்டிய குச்சிதான். தாய்ச்செடியில் நோய் இருந்தால், பளபளவென்று இருக்கும் குச்சியிலும் அது ஒளிந்து வரும். எங்களுக்கு நாற்றில்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வெளியிலிருந்து செம்மண்ணும் அடித்தோம். சரி, அடுத்த முறைக்காவது நோயில்லை என்று எழுதித் தருவீர்களா என்று நர்சரியில் கேட்டால் சிரிக்கிறார்கள். குடில் போட 50 சதவீதம் மானியம் தரும் அரசு, உள்ளே நடும் நாற்றுக்கும் சான்று கேட்கக் கூடாதா?

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிய செடியைக் குடிலுக்குள் உதறாமல் பையில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். பாத்தியை நன்றாக நனைத்து, மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, ஓரத்தை மண்ணால் அடைத்து 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் ஊடுருவும் தாளாக இருக்கட்டும். வெதுவெதுப்பில் கொண்டாடும் பூஞ்சணம், தாளுக்கடியில் ஏறும் கடும் சூட்டில் பெரும்பாலும் செத்துவிடும். பிறகு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தை மட்கிய தொழு உரத்தில் கலந்து போட வேண்டும்.

நாங்கள் மூடி 20 நாளாகிறது. தாளுக்கடியில் கையை விட்டால் சுடுகிறது. மாமியார் தினமும் பார்த்துவிட்டு, “இன்னும் தண்ணி விடலையா?” என்கிறார்.

இப்படிக்கு,
சாமந்தி விவசாயி ஒருத்தி,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.