மூன்றாவது ஆல்டர்னேட்டர் வாங்குவதற்கு முன்

கடலூர் முதுநகர்

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது ஆல்டர்னேட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பழைய டீசல் இண்டிகாவில், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் இந்த ஆல்டர்னேட்டர் அடுத்தடுத்து இரண்டு போனால், எனக்குச் சந்தேகம் அதைச் சுற்றி இருப்பவற்றின் மேல்தான் வரும். கடைசியாகக் கழற்றியதை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதே, எலக்ட்ரீஷியனிடம் பிரித்துக் காட்டச் சொல். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷும் ஸ்லிப் ரிங்கும் கறுப்புக் குழம்பாக இருந்தால் ஆயில் இறங்கியிருக்கிறது. ஏசியை டிசியாக மாற்றும் டையோடு பிளேட் கருகியிருந்தால் பேட்டரியையோ கேபிளையோ பார்க்க வேண்டும். பேரிங் மட்டும் போயிருந்தால் பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருப்பார்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. அமுங்க வேண்டும்.

ஆயில்தான் என்றால் அதைத் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றினால் மட்டும் போதாது. இந்த வண்டியில் பிரேக் பெடலை லேசாக்கும் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கிறது. அதற்கு எஞ்சின் ஆயில் போய், தடித்த ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. அந்த ரிட்டர்ன் ஹோஸ் அடைத்தாலோ, மடங்கிக் கிடந்தாலோ, எஞ்சின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்து எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறினாலோ, ஆயில் சீலைத் தாண்டி பிரஷ் பக்கம் வந்துவிடும். புது ஆல்டர்னேட்டரும் அதே கதிக்குத்தான் ஆளாகும். ஹோஸைக் கழற்றி ஊதிப் பார், உள்ளே ரப்பர் உப்பியிருந்தால் மாற்றிவிடு. பிரேக் பெடல் கல் மாதிரி இறுகினால் வண்டியை எடுக்கவே எடுக்காதே.

அடுத்தது எர்த், அதாவது எஞ்சினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் பட்டை. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலைப் பார்த்து நிற்கிற வண்டிக்கு உப்புக்காற்று பட்டு எர்த் பட்டையின் முனை பச்சை பிடிக்கும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் உன் தெருவில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் இன்னும் மோசம். மேலே பார்த்தால் தெரியாது, மல்டிமீட்டரில்தான் பிடிபடும். எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் வைத்து, ஹை பீமும் புளோயரும் போடு. டிசி 2 வோல்ட் ரேஞ்சில் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பாடியிலும், மற்றதை பேட்டரி நெகட்டிவின் ஈயத் தலையிலும் வை, கிளாம்பில் வைக்காதே. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, இரும்பு தெரியும் வரை எமரி போட்டு, இறுக்கிவிட்டு கிரீஸ் பூசு. பாசிட்டிவ் பக்கமும் இப்படியே, ஆல்டர்னேட்டரில் தடித்த ஒயர் மாட்டும் பி பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை. அங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் ஆல்டர்னேட்டர் ஓயாமல் முழு ஆம்பியரைத் தள்ளிச் சூடாகும். ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டரால் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) எடு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி (0.050) இறங்கியிருந்தால் அந்த பேட்டரியை ஒதுக்கிவிடு. நல்ல பேட்டரியாக இருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கிப் போயிருந்தால், வெளியே சார்ஜ் ஏற்றிய பிறகே மாட்டு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரையும் அதைச் செய்ய விடாதே. அந்த நொடியில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறி டையோடையும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். டையோடைப் பார்க்க, எஞ்சின் ஓடும்போது லைட் போட்டு பேட்டரியில் மீட்டரை ஏசி ரேஞ்சில் வை. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டையோடு போய்விட்டது. எஞ்சின் நின்றிருக்கும்போதே ஏசியில் வோல்ட் காட்டுகிற மலிவு மீட்டராக இருந்தால் அந்த அளவை நம்ப வேண்டாம்.

டாஷ்போர்டில் சார்ஜ் லைட்டுக்கு எல்இடி பல்ப் மாற்றியிருக்கிறாயா? அந்த பல்ப் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. பழைய இழை பல்பையே போட்டுவிடு.

எல்லாம் சரிசெய்தபின், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை நிற்க வேண்டும். எர்த், பாசிட்டிவ், ஏசி, ஐடில், நாலு அளவையும் எழுதி அனுப்பு. பார்த்துவிட்டு எதை வாங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
முருகன்