ரிச்மண்டின் சின்ன மலைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ரிச்மண்ட் ஊரில் உள்ள காக்ரன்ஸ் பனிச்சறுக்கு மலைக்கு வரும் பிள்ளைகளுக்காகப் பழைய பூட்ஸ், ஹெல்மெட் இருந்தால் அனுப்புங்கள் என்று போன இலையுதிர்காலத்தில் கேட்டிருந்தேன். பாஸ்டனிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்தன. ஸ்கீ என்னும் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியே பார்க்காத பலர் மலைக்கென்று பணமும் அனுப்பினீர்கள். இப்போது சரிவில் புல் தெரிய ஆரம்பித்துவிட்டது. என் பிள்ளைகள் சறுக்கக் கற்றுக்கொண்ட மலை இது. ஒரு பெற்றோராக உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

எந்த இடத்துக்கு உதவினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிக்கி, ஜின்னி காக்ரன் தம்பதி 1961-இல் தங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் 400 அடி நீளத்துக்கு ஒரு இழுவைக் கயிறு போட்டார்கள்; மோட்டாரில் ஓடும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் அது சறுக்குபவரை மேலே இழுத்துப் போகும். பள்ளி விட்டு வந்ததும் தங்கள் நான்கு பிள்ளைகளும் பயிற்சி செய்யட்டும் என்பதுதான் எண்ணம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். காக்ரன் பிள்ளைகள் நான்கு பேருமே அமெரிக்கப் பனிச்சறுக்கு அணிக்குப் போனார்கள். அவர்களில் பார்பரா ஆன் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில், கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்தவரை முந்தியது வெறும் 0.02 நொடியில். சரியாக 50 ஆண்டு கழித்து, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், அவருடைய மகன் ரயன் காக்ரன்-சீகல் சூப்பர்-ஜி என்னும் வேகச் சறுக்குப் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார்.

பதக்கங்கள் பெருமைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1998-இல் நடந்தது. அந்த ஆண்டு இந்த மலை லாபநோக்கற்ற அமைப்பானது. காசு இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் சறுக்க முடியாமல் போகக் கூடாது என்பது அதன் கொள்கை. வெர்மான்ட்டின் பெரிய மலைகளில் கூட்ட நாட்களில் ஒருவருக்கான ஒரு நாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டுகிறது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியுமா?

ஆனால் கொள்கை மட்டும் மோட்டாரை ஓட்டாது. மின்கட்டணம், காப்பீடு, இழுவை இயந்திரங்களின் பராமரிப்பு, செயற்கைப் பனி என்று செலவு வந்துகொண்டே இருக்கும். இது உயரமான மலையும் இல்லை. குளிர்காலத்தின் நடுவே ஒரு மழை பெய்தால் போதும், சேர்த்துவைத்த பனி கரைந்து ஓடிவிடும். 2023 டிசம்பரில் வெர்மான்ட் முழுக்கப் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஆனால் மறுபடி முதலிலிருந்து பனி செய்ய வேண்டும். தண்ணீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் சேர்த்துப் பீய்ச்சினால், துளிகள் தரையில் விழுவதற்குள் உறைய வேண்டும். அதற்குக் குளிரும் வேண்டும், காற்று உலர்ந்தும் இருக்க வேண்டும். அந்த நேரம் பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வாய்க்கும். ஊர் தூங்கும்போது ஈரக் கையுறையோடு குழாய்களை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறிய நண்பர்களே, காலையில் என் பிள்ளைகள் கால் வைத்த பனி நீங்கள் செய்தது. உங்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

இழுவைக் கயிற்றடியில் நாளெல்லாம் நின்றவர்களுக்கும் நன்றி. கிணற்றுக் கயிறு இழுத்தவர்களுக்கு இந்தக் கயிறு புரியும்: ஓடும்போது சட்டென்று இறுக்கிப் பிடித்தால் தோளைச் சுண்டும், கையுறையைத் தேய்த்துக் கிழிக்கும். மெதுவாகப் பிடித்து, பிறகு இறுக்க வேண்டும். விழுந்த குழந்தைக்காக மோட்டாரை நிறுத்தி, அதைத் தூக்கி நிறுத்தி, "இன்னொரு தடவை பிடி பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறையும் அதே பொறுமையோடு சொன்னீர்கள். அந்தப் பொறுமைக்கு என்ன விலை கொடுப்பது? அப்புறம், சின்னக் குழந்தைகளுக்குச் சறுக்கக் கற்றுத்தரும் விதத்தை எங்களைப் போன்ற பெற்றோருக்கே சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் நன்றி. பனியே காணாத ஊரில் வளர்ந்த நான் என் மகளுக்குச் சறுக்கும்போது வளைந்து திரும்பவும், வேகத்தை அடக்கி நிற்கவும் சொல்லித்தந்தேன் என்றால் அது உங்களால்தான். கீழே அடுப்படியில் நின்று சூடாகப் பரிமாறியவர்களையும் மறக்கவில்லை.

பெட்டிகள் அனுப்பிய அண்ணன்கள், அக்காக்கள் அனைவருக்கும்: வந்தவற்றைத் துடைத்து, அளவு பார்த்து, முதல்முறை சறுக்க வந்த வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. பூட்ஸ் எல்லாம் போய்விட்டன. ஹெல்மெட் மட்டும் பழையதாக இருந்தவற்றையும் விரிசல் விட்டவற்றையும் கொடுக்கவில்லை. தலை விஷயத்தில் சமரசம் கூடாது. அவற்றை அனுப்பியவர்கள் மனம் வருந்த வேண்டாம். நீங்கள் அனுப்பிய பணம் அப்படியே மலைக்குப் போய்விட்டது.

வரும் செப்டம்பரில் மறுபடி கேட்பேன். நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கான பூட்ஸ்தான் இந்த முறை போதவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது கால் வளர்ந்துவிட்டால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மிக்க நன்றியுடன்,
ரிச்மண்ட் மலையடிவாரத்துப் பெற்றோர் ஒருவர்