மேக் ஆப் ஸ்டோர் குழுவினருக்கு: சிஸ்டத்தின் முழு ஃபைலையும் எங்கள் கையில் கொடுங்கள்

மேக் ஆப் ஸ்டோரையும், மேக்கின் சிஸ்டமான மேக்ஓஎஸ் வெளியீடுகளையும் கவனித்துக்கொள்ளும் ஆப்பிள் குழுவினருக்கு,

வணக்கம். பழைய மேக்குகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, டிஸ்க் மாற்றி, சிஸ்டம் ஏற்றிக் கொடுக்கிற வேலை எனக்கு. மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பென்டிரைவ்ல சிஸ்டம் இருக்கா, இல்ல டவுன்லோடு பண்ணணுமா?" என்பதுதான். அதற்கான பதில் உங்கள் கையில் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆப் ஸ்டோர் வந்ததை நான் குறை சொல்லவில்லை. 2011 ஜனவரி 6 அன்று சிஸ்டத்தின் 10.6.6 அப்டேட்டோடு அது வருவதற்கு முன்னால், ஒரு சின்ன மென்பொருள் வேண்டும் என்றால்கூட ஏதோ ஒரு தளத்துக்குப் போய், அங்கே மின்னுகிற நாலைந்து டவுன்லோடு பட்டன்களில் எது நிஜம் என்று தேடி, இறக்கிய பிறகும் உள்ளே என்ன இருக்குமோ என்ற பயத்தோடுதான் திறக்க வேண்டியிருந்தது. அந்தப் பயத்தை நீங்கள் பெருமளவு போக்கினீர்கள். 2013-இல் மாவரிக்ஸ் பதிப்பு முதல் சிஸ்டத்தை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது அதைவிடப் பெரிய காரியம்.

ஆனால் ஸ்டோர் வந்த அதே 2011-இன் ஜூலையில் லயன் என்ற சிஸ்டம் பதிப்பை ஸ்டோர் வழியாக மட்டும் வெளியிட்டீர்கள். விலை 29.99 டாலர், அளவு சுமார் 4 ஜிபி. அப்போது இந்தியாவில் 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். அந்த வேகத்தில் 4 ஜிபி இறங்குவதற்குக் கிட்டத்தட்ட 35 மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். ஒரு மாதம் கழித்து யுஎஸ்பி டிரைவில் கொடுத்தீர்கள், சரி, ஆனால் 69 டாலருக்கு. இணையம் வேகமாக இல்லாதவன் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றால் அது நியாயமா?

இப்போது இணையம் வேகமாகிவிட்டதே என்பீர்கள். ஆகிவிட்டது, கூடவே ஃபைலும் பெருத்துவிட்டது. 2020-இல் வந்த பிக் சர் பதிப்பு ஏறக்குறைய 12 ஜிபி. அது வெளியான நவம்பர் 12 அன்று உங்கள் சர்வர்கள் திணறியதில், டவுன்லோடு ஒரு பக்கம் நின்றது என்றால், அப்கிரேடு பக்கமே போகாதவர்களின் மேக்குகளில்கூட ஆப்கள் திறக்க முடியாமல் தவித்தன. திறக்கும் ஆப் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும் சர்வரும் அன்றைக்கு மெதுவாகிவிட்டதுதான் காரணம்.

அதிகாரபூர்வ வழி மெதுவாக இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 2015 செப்டம்பரில் நீங்களே பார்த்தீர்கள். சீனாவில் உங்கள் சர்வரிலிருந்து, ஆப்களை உருவாக்கப் பயன்படும் எக்ஸ்கோடு மென்பொருள் இறங்க ரொம்ப நேரம் எடுத்ததால், அங்கே சில டெவலப்பர்கள் பைடு என்ற சீன நிறுவனத்தின் கோப்புச் சேமிப்பிலிருந்து யாரோ ஏற்றிவைத்த பிரதியை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தப் பிரதிக்குள் எக்ஸ்கோடுகோஸ்ட் என்ற தீங்கு நிரல் இருந்தது. அதில் உருவான ஆப்கள் எல்லாம் அந்தத் தீங்கு நிரலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, உங்கள் பரிசோதனையையும் தாண்டி ஸ்டோருக்குள் வந்துவிட்டன. சீனாவின் மெசேஜ் ஆப்பான வீசாட்டின் ஒரு பதிப்புகூட அதில் மாட்டியது. அதன் பிறகுதான் எக்ஸ்கோடு சீனாவில் வேகமாக இறங்க ஏற்பாடு செய்வதாக அறிவித்தீர்கள். கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் ஆப்பை எழுதுகிறவர்களே இப்படிச் செய்தார்கள் என்றால், நாளைக்குக் காலையில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கும் டிடிபி கடைக்காரர் டோரன்ட்டில் கிடைக்கும் சிஸ்டத்தை எடுக்க மாட்டாரா? எடுப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

அப்புறம், கையில் வைத்திருக்கும் பிரதியும் நிலைப்பதில்லை. 2019 அக்டோபர் 24 அன்று ஒரு சான்றிதழ் காலாவதியானதும், அதற்கு முன் இறக்கிவைத்த மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்கள் பல 'இந்தப் பிரதி சேதமடைந்துள்ளது' என்று சொல்லி நின்றன. ஃபைலில் ஒரு சேதமும் இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து மெஷினின் தேதியைச் சில வருடங்கள் பின்னுக்குத் தள்ளினால் ஓடிவிடும், எங்கள் தொழிலில் பலரும் இதைத்தான் செய்தோம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? சேதம் என்று படித்ததும், பத்திரமாக வைத்திருந்ததை அழித்துவிட்டு மறுபடி பல ஜிபி இறக்கத்தான் போவார். செய்தியாவது உண்மையைச் சொல்லட்டும்: 'சான்றிதழ் காலாவதி' என்று.

நல்லதும் செய்திருக்கிறீர்கள். ஒரு மேக்கில் இறங்கியதை அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற மேக்குகள் எடுத்துக்கொள்ளும் கன்டென்ட் கேஷிங் வசதி, 2017-இல் வந்த ஹை சியராவிலிருந்து எல்லா மேக்கிலும் இருக்கிறது. பத்து மெஷின் உள்ள அலுவலகத்துக்கு அது வரம், ஆனால் அமைப்புகளுக்குள் அது இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அப்டேட் வரும்போது திரையில் ஒரு வரியில் சொல்லுங்கள். 2021-இல் லயனையும் மவுன்டன் லயனையும் இலவசமாக்கினீர்கள். உங்கள் உதவிப் பக்கத்தில் யோசெமிட்டி, எல் கேப்பிட்டன், சியரா எல்லாம் நேரடி ஃபைலாகவே கிடைக்கின்றன. இதையேதான் எல்லாப் பதிப்புகளுக்கும் கேட்கிறேன். முழு இன்ஸ்டாலரை இறக்கித்தரும் கட்டளை கேட்டலினா பதிப்பிலிருந்து டெர்மினலில் இருக்கிறதே, அதற்கு ஒரு பட்டன் வையுங்கள். பக்கத்திலேயே ஃபைலின் அளவையும், அது மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 எண்ணையும் போடுங்கள். நண்பரிடமிருந்து பென்டிரைவில் வாங்கினாலும் அது அசல்தானா என்று நாங்களே சரிபார்த்துக்கொள்வோம்.

அந்தப் பக்கத்தில் மவுன்டன் லயனுக்கும் யோசெமிட்டிக்கும் நடுவில் மாவரிக்ஸ் மட்டும் இல்லை. முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சிஸ்டம் ஏற்றிக் கொடுக்கும் ஒருவன்