செல்வி நோதரின் உதவியுடன்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மன் கணிதவியலர் எம்மி நோதரைப் பற்றி நான் எழுதிய சின்னப் புத்தகம் போன வாரம் அச்சாகி, நான் இருக்கும் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்கு வந்து சேர்ந்தது. 96 பக்கம், அதற்கு மூன்று வருடம். பெட்டியைப் பிரித்த கையோடு உங்களுக்கெல்லாம் நன்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஒரு வரி ஓடவில்லை. 'இன்னார் உதவினார்' என்று எழுதப் போகும்போதெல்லாம் ஒரு பழைய அறிவிப்பு குறுக்கே வந்து நின்றது.

1916-17 குளிர்காலப் பருவத்துக்கு இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாடப் பட்டியல் அது. அதில் ஒரு வரி: மாறாமைக் கோட்பாடு, பேராசிரியர் ஹில்பர்ட், முனைவர் செல்வி எ. நோதரின் உதவியுடன், திங்கட்கிழமை 4 முதல் 6 வரை, கட்டணம் இல்லை. பாடம் நடத்தியது செல்வி நோதர். ஹில்பர்ட் தன் பெயரைக் கடன் கொடுத்திருந்தார். பெண்ணுக்குத் தன் பெயரில் பாடம் நடத்தும் உரிமை இல்லை என்று பிரஷ்யச் சட்டம் சொன்னதால் அவர் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. உண்மையில் உதவியது அவர். அச்சில் உதவியாளர் ஆனது இவர்.

ஆகவே இங்கே யார் என்ன செய்தார் என்பதையே சொல்லிவிடுகிறேன். பெயர்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. இணையத்தில் போட வேண்டாம் என்று ஐந்து பேரில் மூன்று பேர் கேட்டுக்கொண்டதால் இம்மடலில் யார் பெயரும் இல்லை.

முதலில் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி. வயது 84. பழைய ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மானியர்களுக்கே கல்வெட்டு மாதிரி. பாட்டி தன் அம்மாவின் சமையல் நோட்டைப் படித்துப் படித்து அதில் பழகியவர். நான் கொண்டுவரும் நகல்களை ஜன்னலோர மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படிப்பார், நான் எழுதிக்கொள்வேன். கணிதக் குறி வந்தால் "இது உங்கள் பாடு" என்று தாளை என் பக்கம் தள்ளிவிடுவார்.

நோதரின் அஞ்சலட்டைகள்தான் அவருக்கு ரொம்பப் பிடித்தவை. எர்லாங்கனில் கணிதப் பேராசிரியராக 1911இல் வந்து சேர்ந்த எர்ன்ஸ்ட் ஃபிஷருக்கு எழுதியவை. இருவரும் ஒரே ஊர். நேரில் பேசிவிட்டு வீட்டுக்குப் போனதும் மிச்சத்தை அட்டையில் எழுதி அனுப்புவாராம் நோதர். "அப்படியென்றால் பேசி முடியவில்லை, பாவம்" என்றார் பாட்டி. நான் நாலு பக்கம் எழுதி அடித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அது அப்படியே புத்தகத்தில் இருக்கிறது.

பேசி முடியாததற்குக் காரணமும் உண்டு. 1900இல் எர்லாங்கனில் 986 மாணவர்களுக்கு நடுவே இரண்டே பெண்கள். அதுவும் ஆசிரியர் அனுமதித்தால் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். அப்பா மாக்ஸ் நோதர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தும் இந்த நிலை. 1907இல் பால் கோர்டானிடம் முனைவர் பட்டம். ஆய்வேட்டின் முடிவில் 331 இயற்கணிதக் கோவைகளைக் கையால் கணக்கிட்டுப் பட்டியல் போட்டிருந்தார். பின்னாளில் அந்த ஆய்வேட்டைக் 'குப்பை' என்று அவரே ஒதுக்கினார். 1908 முதல் 1915 வரை அங்கே சம்பளமில்லாமல் வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது அவர் வகுப்பையும் சேர்த்து எடுத்தார்.

அடுத்து நம் திருநெல்வேலித் தம்பி. இங்கே பூன்சன் தெருவில் இருக்கும் கணித நிறுவனத்தில் இயற்கணித ஆராய்ச்சி செய்கிறார். நான் ஒரு காலத்தில் பள்ளியில் கணக்கு டீச்சர்தான், ஆனால் 'ஐடியல்' என்ற இடத்துக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடிப் பெட்டிகளில் பழைய கணித மாதிரி உருவங்கள் அடுக்கி வைத்திருக்கும் அந்த மாடி நடையில் என்னை நிறுத்தி, பேருந்துச் சீட்டின் பின்புறம் தம்பி எழுதிக் காட்டினார்: 60இன் மடங்குகள் எல்லாம் ஒரு கூட்டம், அதுதான் ஒரு ஐடியல். அது 30இன் மடங்குகளுக்குள் அடக்கம். அது 15க்குள், அது 5க்குள், அது 1க்குள். "அக்கா, இதுக்கு மேல ஏறுங்க பாப்போம்" என்றார். ஏற முடியாது. எங்கே தொடங்கினாலும் ஏறுவரிசை ஏதாவது ஒரு படியில் நின்றுதான் தீரும். இந்த ஒரு குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 1921இல் நோதர் வளையங்களின் (முழு எண்களைப் போலக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிகிற தொகுதிகளின்) ஐடியல் கோட்பாட்டையே கட்டி எழுப்பினார். அந்தக் குணம் உள்ள வளையத்துக்கு இன்று அவர் பெயர்தான். 331 கோவைகளைப் பட்டியல் போட்ட அதே கை! அந்தச் சீட்டு இன்னும் என் டைரியில் இருக்கிறது.

ஐடியலுக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று தம்பியோடு இரண்டு மாதம் சண்டை. குரூப்புக்குக் 'குலம்', ரிங்குக்கு 'வளையம்' என்று நமக்கு ஏற்கெனவே அழகான சொற்கள் உண்டு. ஐடியலை ஐடியலாகவே விட்டோம். அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

பெயர் விஷயமும் சொல்ல வேண்டும். முதலில் 'நோய்தர்' என்றே எழுதியிருந்தேன். அம்மா போனில், "ஏண்டி, பேரைக் கேட்டாலே நோய் தருமோன்னு இருக்கே" என்றார். 'நோதர்' என்று மாற்றினேன். நோதல் என்றாலும் வலிதான் என்று பெரியப்பா எடுத்துக் கொடுத்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

இயற்பியல் அத்தியாயம் முழுவதும் மதுரையில் இருக்கும் என் தோழி எழுதியது. அவர் பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை. திருத்தினார் என்றுதான் முதலில் போட்டிருந்தேன். பொய், எழுதியதே அவர்தான். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில் ஆற்றல் அழியாமை என்ன ஆகிறது என்று ஹில்பர்ட்டும் இன்னொரு கோட்டிங்கன் கணிதப் பேராசிரியர் கிளைனும் குழம்பியபோது நோதரிடம் கேட்டார்கள். இயற்கையின் விதி நேற்றும் இன்றும் ஒன்றே என்றால் ஆற்றல் அழியாது, இங்கேயும் அங்கேயும் ஒன்றே என்றால் உந்தம் அழியாது என்று சமச்சீரையும் அழியாமையையும் முடிச்சுப்போட்ட தேற்றம் அப்படித்தான் வந்தது. 1918 ஜூலை 26 அன்று கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் அந்தக் கட்டுரையை முன்வைத்தவர் கிளைன். நோதர் அங்கே உறுப்பினர் இல்லை.

மறுவருடம்தான் தன் பெயரில் பாடம் நடத்தும் உரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய வாக்குவாதத்தில் ஹில்பர்ட், "இது பல்கலைக்கழகம் ஐயா, குளியல் துறை அல்ல" என்று வெடித்ததாகக் கதை. எனக்கு இதைவிடப் பிடித்தது, நோதர் பிற்பாடு லைனே ஆற்றில் ஆண்களின் நீச்சல் துறைக்கே போய் மழையோ வெயிலோ நீந்தினார் என்பது. 1922இல் பேராசிரியர் பட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. 1923இல் ஏதோ சிறு தொகை. 1924இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த 21 வயது வான் டெர் வார்டன், 1930-31இல் உலகமே படித்த இயற்கணித நூலை வெளியிட்டபோது, கணிதவியலர் ஆர்ட்டின், நோதர் இருவரின் விரிவுரைகளைப் பயன்படுத்தியதாக முகப்பிலேயே போட்டார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு என் தனி வணக்கம்.

நான்காமவர் பல்கலைக்கழக நூலகத்தில் கையெழுத்துப் பிரதிப் பிரிவு மேசையில் இருக்கும் மனிதர். நான் தவறான எண் கொடுத்துத் தவறான கோப்பை வாங்கி ஒரு மணி நேரம் முழித்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சரியானதைக் கொண்டுவந்து வைத்தார். கணிதவியலர் ஹெல்முட் ஹாஸ்ஸேவுக்கு நோதர் எழுதிய கடிதங்கள். 1933 ஏப்ரல் 25 அன்று தந்தி வந்தது: நோதர், மாக்ஸ் போர்ன், கூரன்ட் முதலியோர் பணியிடை நீக்கம். யூதர்கள் என்பது காரணம். அதற்குப் பிந்தைய கடிதங்களில் புலம்பல் தேடினேன், கணக்குதான் இருந்தது. மாணவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், பாடம் நடக்கிறது.

நோதருக்காக ஹாஸ்ஸே 14 கணிதவியலர்களிடம் மதிப்புரை வாங்கி அமைச்சகத்துக்கு அனுப்பினார். பலிக்கவில்லை. அதே ஹாஸ்ஸே 1934இல் கோட்டிங்கன் கணித நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். 1937இல் நாஜிக் கட்சியில் சேர விண்ணப்பித்தார். இவரை நோதருக்கு உதவியவர் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்று தம்பிக்கும் எனக்கும் இன்னொரு சண்டை. வைத்தேன், விண்ணப்பத்தையும் சேர்த்து.

ஐந்தாவது, பிலடெல்பியாவில் இருக்கும் சித்தப்பா மகன். கொட்டும் பனியில் பிரின் மார் கல்லூரிக்குக் கார் ஓட்டிப் போய், நோதரின் அஸ்தி புதைத்த நூலக முற்றத்தைப் படம் எடுத்து அனுப்பினான். வேலை போனபின் நோதர் போய்ச் சேர்ந்த அமெரிக்கக் கல்லூரி அது. அங்கே அவரை வரவேற்றவர் கணிதத் துறைத் தலைவர் அன்னா பெல் வீலர். அவரும் கோட்டிங்கனில் படித்தவர். நோதர் பதினெட்டு மாதம்தான் அங்கே இருந்தார். 1935 ஏப்ரல் 14, ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின், 53 வயதில் போய்விட்டார்.

முதலில் போன அச்சகத்தில் கணிதக் குறிகள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்து, முன்பணமும் போனது தனிக் கதை, அதை விடுங்கள். இரண்டாவது அச்சகத்து வடிவமைப்பாளர் ஒவ்வொரு குறியையும் கையால் வைத்தார். அவர் பெயர் கடைசிப் பக்கத்தில், பெரிய எழுத்தில் இருக்கிறது.

நேற்று பாட்டிக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அவர் பெயரைத் தொட்டுக் காட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். "இதில் எது என் முதல் எழுத்து?" என்றார். காட்டினேன். அதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் நாலைந்து தரம் எழுதிப் பார்த்தார். சுழி மட்டும் சரியாக வரவில்லை.

ஒரு திருத்தம்: 57ஆம் பக்கத்தில் லைனே ஆறு 'ரைன்' ஆகிவிட்டது. பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோட்டிங்கனிலிருந்து உங்கள் கணக்கு டீச்சர்