வெளியிட்ட செய்தியைச் சொல்லாமல் மாற்றாதீர்கள்: இணையச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையச் செய்தித் தளங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வேலை முடிந்து கிடைக்கிற நேரத்தில் வலைப்பதிவு எழுதுகிறவன் நான். படித்த செய்தி ஏதாவது மனதில் தைத்தால் அதைப் பற்றி நாலு பத்தி எழுதுவேன். எந்தச் செய்தியை வைத்து எழுதினேனோ அதற்குச் சுட்டி (இணைய இணைப்பு) கொடுத்துவிடுவேன். பதிவு எழுத வருகிற யாருக்கும் இதுதான் முதல் பாடம். நான் சொல்வதை வாசகர் நம்ப வேண்டியதில்லை, சுட்டியைத் தட்டி அவரே பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சுட்டியின் மறுமுனையில் நீங்கள் செய்கிற காரியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அண்மையில் ஒரு தளத்தில், பொது நூலகக் கிளை ஒன்றை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பொறுப்பில் இருந்த அதிகாரி சொன்னதாக ஒரு வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருந்தது. வருகிற வாசகர் எண்ணிக்கைக்கு இவ்வளவு செலவு செய்ய முடியாது என்பது அதன் சாரம். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டு, நூலகத்தை வருகைப் பதிவேட்டை வைத்து மட்டும் அளக்கலாமா என்று கேட்டு ஒரு பதிவு எழுதினேன். சுட்டியும் கொடுத்தேன்.

மறுநாள் முதல் பின்னூட்டம்: "நீங்கள் கொடுத்த செய்தியில் அப்படி எதுவும் இல்லையே?"

போய்ப் பார்த்தேன். அதே முகவரி, அதே படம், அதே தேதி, அதே நேரம். தலைப்பு மட்டும் "நூலகக் கிளையை மூடும் எண்ணம் இல்லை" என்று ஆகியிருந்தது. அதிகாரியின் பழைய வாக்கியத்தைக் காணோம். அந்த இடத்தில், மூடப் போவதாகச் சமூக வலைத்தளங்களில் பரவும் தகவல் வெறும் வதந்தி என்று அவர் மறுத்திருந்தார். திருத்தப்பட்டது என்று ஒரு வார்த்தை எங்கும் இல்லை. உலாவியின் முகவரிப் பட்டையில் மட்டும் பழைய தலைப்பு ஆங்கில எழுத்துகளில் இன்னும் இருந்தது. மேலே 'மூடப்படுகிறது' என்கிறது முகவரி, கீழே 'மூடும் எண்ணம் இல்லை' என்கிறது கொட்டை எழுத்து. இரண்டும் ஒரே திரையில், ஒரு விரற்கடை இடைவெளியில்.

அந்தத் தகவலை முதலில் வெளியிட்டது யார்? அந்தத் தளமேதான். காலையில் தன் பெயரில் செய்தியாகப் போட்டதை, மாலையில் யாரோ பரப்பிய வதந்தி என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதை நம்பி மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வதந்தி பரப்பியவர்கள் ஆகிவிட்டோம். "இட்டுக்கட்டி எழுதிவிட்டுச் சுட்டி வேறு கொடுக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சரியாகத்தான் செய்தார். சுட்டியைத் தட்டினார், படித்தார், நான் எழுதியதோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு வாசகரும் செய்ய வேண்டிய வேலை அது. அந்த நல்ல வாசகரின் கண்ணில்தான் என்னைப் பொய்யனாக்கிவிட்டீர்கள்.

தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. சில வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பக்கமே போய்விட்டது. 'நீங்கள் தேடிய பக்கம் இல்லை' என்ற 404 அறிவிப்பு வந்திருந்தால்கூட, ஏதோ ஒன்று இங்கே இருந்தது என்றாவது தெரிந்திருக்கும். இப்போது அந்தச் சுட்டியைத் தட்டினால் நேரே தளத்தின் முகப்புக்குப் போகிறது. புதிதாக வருகிறவருக்கு, நான் எழுதியதற்கும் கொடுத்த சுட்டிக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வெளியிட்ட பக்கத்தை எடுக்காதீர்கள். மாற்றினால், மாற்றினோம் என்று அந்தப் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

இணையச் செய்தி ஓடுகிற வேகம் எனக்கும் புரிகிறது. விபத்து நடந்து அரை மணிக்குள் எண்ணிக்கை மாறும், பெயர் மாறும், காரணம் மாறும். மாற மாற எழுதித்தான் ஆக வேண்டும். அதிகாரி பேச்சை மாற்றிக்கொண்டால் அதுவும் செய்திதான், போடுங்கள். காலையில் இப்படிச் சொன்னார், மாலையில் மறுத்தார் என்று எழுதினால் அது இன்னும் பெரிய செய்தி. அவர் முன்பு சொன்னதை அழித்துவிட்டால், அவருக்கு வசதியாகப் போகிறது என்பதைத் தவிர யாருக்கு என்ன லாபம்? அச்சு இதழில் இதற்கு வழியே கிடையாது. அச்சேறியது ஏறியதுதான். தவறு என்றால் மறுநாள் 'திருத்தம்' என்று கட்டம் கட்டிப் போட்டு வருத்தம் தெரிவிப்பார்கள். எத்தனை சின்ன எழுத்தில் போட்டாலும் நேற்றைய தாளும் இருக்கும், இன்றைய திருத்தமும் இருக்கும். உங்களில் பலர் அந்த அச்சு மரபிலிருந்து வந்தவர்கள். திரைக்கு வந்ததும் அந்தக் கட்டம் எங்கே போயிற்று?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பல செய்திப் பக்கங்களின் நிரலுக்குள் முதலில் வெளியான நேரம், கடைசியாக மாற்றிய நேரம் என்று இரண்டும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். தேடுபொறிகள் படிப்பதற்காக வைத்தவை அவை. இயந்திரத்துக்குச் சொல்கிற அந்த உண்மையை மனிதருக்கும் சொல்வதில் என்ன தடை? வாசகர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இரண்டு தேதியையும் போட்டு, என்ன மாறியது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பக்கங்கள் காணாமல் போவது என் ஒருவன் குறை இல்லை. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பிறகு திறக்கவில்லை. ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2021-இல் நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் இருந்த சுட்டிகளை ஆராய்ந்தார்கள். முகப்புக்குப் போகாமல் குறிப்பிட்ட ஒரு பக்கத்துக்கு நேரே போகிற சுட்டிகளில் நான்கில் ஒன்று செத்திருந்தது. 1998-இல் வந்த கட்டுரைகளில் அது 72 சதவீதம். இன்னொருவர் எடுத்துவிட்ட பக்கத்தால் செய்தியாளர்களே இப்படிப் பாதிக்கப்படுகிறீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைய முகவரிகளிலும் ஏறக்குறைய பாதி, முதலில் எதைக் காட்டினவோ அதை இப்போது காட்டவில்லை என்று அதே பள்ளியின் முந்தைய ஆய்வு ஒன்று சொல்லியிருந்தது. தீர்ப்பு நிற்கிறது, சான்று இல்லை.

இது கைமீறிய விஷயம் என்று சொல்லாதீர்கள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல இணைய முகவரி மாறாது என்று 1998-லேயே எழுதிவிட்டார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரி அமைப்பு மாறுகிறதா, பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் இருக்கிறது. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதன் புதிய பக்கத்தோடு இணைக்கிற பட்டியல் வேண்டும், அவ்வளவே. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது அந்த வேலையைச் செய்யாமல் விடுவது. வேண்டுமென்றே எடுத்துவிட்டோம் என்று சொல்ல 410 என்ற குறியீடு தனியாக இருக்கிறது. பிபிசி 1997 இறுதியில் இணையச் செய்தி தொடங்கிய காலத்துப் பக்கங்கள் பல, அந்தக் காலத்து வடிவமைப்போடு இன்றும் திறக்கின்றன. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அதுவே போதும்.

நம் மொழியில் இந்த இழப்பு இன்னும் அதிகம். ஆரம்பத்தில் ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒரு தளத்தைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்க வேண்டும், இன்னொன்றுக்கு இன்னொன்று. பிறகு ஒவ்வொன்றாக, எல்லோருக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) வந்தன. அந்த மாற்றத்தின்போது பழைய பக்கங்களையும் மாற்றிக் கொண்டுவந்தவர்கள் உண்டு, அப்படியே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. விட்டுவந்தது அந்த ஆண்டுகளின் தமிழ்ச் செய்தியை. எழுத்துருத் தடையெல்லாம் நீங்கிய பிறகும் பக்கங்கள் மறைவதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் நிலையையும் பாருங்கள். பிளாகர் சேவை 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. அதில் காசு கொடுக்காமல் எழுதி வைத்த பழைய பதிவுகள், பக்கவாட்டில் மாதவாரிப் பட்டியலோடு இன்றும் அதே முகவரியில் கிடக்கின்றன. எத்தனையோ பேர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், பதிவுகள் நிற்கின்றன. அவர்கள் நம்பிச் சுட்டி கொடுத்த செய்திகள்தான் இல்லை. ஆசிரியர் குழுவும் தொழில்நுட்பப் பிரிவும் விளம்பர வருமானமும் உள்ள இடத்தில் இல்லாத நிலைத்தன்மை, பொழுதுபோக்காக எழுதுகிறவன் பக்கத்தில் இருக்கிறது.

பழைய பக்கங்களை எடுத்தால் தேடுபொறியில் மேலே வரலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 2023-இல் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை அப்படித்தான் நீக்கியது. பழையது என்பதற்காக நீக்குவதால் பலன் வரும் என்று நம்பாதீர்கள் என்று கூகுள் தரப்பே அப்போது சொல்லிவிட்டது. 2024 ஜூனில் எம்டிவி நியூஸ் தளம் முழுதும் எடுக்கப்பட்டபோது, பல ஆண்டுகள் அங்கே எழுதியவர்களுக்குத் தங்கள் கட்டுரையைக் காட்ட ஓர் இடம் இல்லாமல் போயிற்று. அவற்றில் பலவற்றைப் பிறகு தேடிப் படிக்க முடிந்தது என்றால், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாபநோக்கில்லாத அமைப்பு முன்பே பிரதி எடுத்து வைத்திருந்ததால்தான். 1996 முதல் அவர்கள் செய்துவரும் வேலை அது. பக்கங்களைப் பிரதி எடுக்க வரும் அவர்களின் தானியங்கி நிரலையும் உள்ளே விடாமல் தடுக்கிற செய்தித் தளங்கள் இருக்கின்றன. தாமும் வைத்துக்கொள்ளாமல், வைத்துக்கொள்ள முன்வருகிறவரையும் தடுத்தால் என்ன செய்வது?

இதை எழுதும்போதே மற்றவையும் நினைவுக்கு வருகின்றன. செய்தியைச் சொல்லாமல் 'அடுத்து நடந்தது என்ன தெரியுமா?' என்று முடிகிற தலைப்புகள். பாதி படிக்கும்போது தானாகப் புதுப்பித்துக்கொண்டு மேலே ஓடிவிடும் பக்கங்கள். ஒரு பதிவர் நாலு இரவு உட்கார்ந்து எழுதியதை முழுசாக எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் 'நன்றி: இணையம்' என்று போடுவது. இணையம் எதையும் எழுதுவதில்லை, ஆள்தான் எழுதுகிறார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவர் பதிவுக்கு ஒரு முகவரி இருக்கிறது. உங்கள் செய்திக்கு நாங்கள் ஒவ்வொரு முறையும் சுட்டி தருகிறோம், எங்கள் எழுத்துக்கு நீங்கள் தருவதில்லை. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். இப்போது கேட்க வந்ததை மட்டும் கேட்டு முடிக்கிறேன்.

எடுத்தே ஆக வேண்டிய பக்கங்களும் உண்டு. நீதிமன்றம் உத்தரவிட்டால் எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஒருவரின் அடையாளம் தவறிப்போய் வந்துவிட்டால் அந்த நிமிடமே எடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வழக்கில் விடுதலையானவரின் பழைய கைதுச் செய்தி அவரைத் துரத்திக்கொண்டே இருப்பதும் கொடுமைதான். அதற்கு அந்தப் பக்கத்தின் தலையிலேயே விடுதலையான செய்தியைச் சேர்க்கலாம், பெயர் வைத்துத் தேடினால் வராதபடி செய்யலாம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 மே மாதத்தில் தன்னைப் பற்றிய பழைய தகவல் தேடலில் வராமல் செய்யக் கேட்கும் 'மறக்கப்படும் உரிமை' பற்றித் தீர்ப்புச் சொன்னபோதுகூட, நீக்கும் பொறுப்பைத் தேடல் முடிவுகளின் மேல்தான் வைத்தது. மூலச் செய்தி நாளிதழின் தளத்திலேயே இருந்தது. எந்தக் காரணமாக இருந்தாலும், இங்கே ஒரு செய்தி இருந்தது, இன்ன காரணத்தால் நீக்கினோம் என்று ஒரு வரி அந்த முகவரியில் இருக்கட்டும்.

உங்கள் செய்தியறைகளில் இதைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து பேசும்படி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்ட பக்கத்தை எடுக்காதீர்கள். மாற்றினால் மாற்றினோம் என்று சொல்லுங்கள். உங்கள் தளத்தின் திருத்தக் கொள்கை என்ன என்பதை எழுதி, யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். தவறைச் சுட்டிக்காட்டி எழுதுகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள், அதைத் திறந்து படிக்க ஓர் ஆளையும் போடுங்கள். நூலகச் செய்தியை வெளியிட்ட ஆசிரியரும் இதைப் படிக்க நேர்ந்தால், முதலில் வந்த செய்தியையும் பின்னால் வந்த மறுப்பையும் சேர்த்து, தேதி போட்டு, அந்தப் பழைய முகவரியிலேயே திரும்ப வைக்கும்படி வேண்டுகிறேன். என் பதிவில் சுட்டியை நான் நீக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகனாகவும் இருக்கும் ஒரு வலைப்பதிவன்